பைப்பும் சொந்தப் புகையிலையும்: கோளாறு எங்கே, சரிசெய்வது எப்படி

பைப் பிடிக்கும் நண்பர்களும் சரி, நாலைந்து புகையிலைச் செடி வைத்துப் பார்க்கும் நண்பர்களும் சரி, என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ‘அணைந்து அணைந்து போகிறது’, ‘நாக்கு புண்ணாகிவிட்டது’, ‘இலை பச்சையாகவே காய்ந்துவிட்டது’. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதிவைத்திருக்கிறேன். உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். புகை பிடிக்காதவர் இதற்காகப் புதிதாகத் தொடங்க வேண்டாம். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்க்கான ஆபத்து பைப்பில் உண்டு. நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே உடம்பில் ஏறும். இரண்டாவது, சட்டம். சொந்த உபயோகத்துக்கு வளர்ப்பதைப் பல நாடுகள் கண்டுகொள்வதில்லை, ஆனால் ஆஸ்திரேலியா போன்ற நாட்டில் உரிமம் இல்லாமல் ஒரு செடி வைப்பதே குற்றம். விதை வாங்கும் முன் உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விதை முதல் சாம்பல் வரை எது கெட்டாலும் முதலில் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் முடிந்திருக்கின்றன.

## பைப் அடிக்கடி அணைந்துபோகிறது

புதிதாகப் பிடிப்பவருக்கு ஒரு கிண்ணத்துக்கு (பைப்பில் புகையிலையை அடைக்கும் குழி) நாலைந்து தீக்குச்சி செலவாவது சகஜம். அது கோளாறு இல்லை. இரண்டு இழுப்புக்கு ஒரு தடவை அணைந்தால்தான் பார்க்க வேண்டும்.

புகையிலை ஈரமா? டப்பாவைத் திறந்த கையோடு எடுத்து அடைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையில் அழுத்திவிட்டுப் பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வந்தால் சரியான பதம். உதிர்ந்து தூளானால் காய்ந்துவிட்டது. ஈரமாக இருந்தால் ஒரு காகிதத்தில் பரப்பி அரை மணி நேரம் விட்டு, மறுபடி அழுத்திப் பாருங்கள். வாசனை சேர்த்த கலவைகளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும்.

இறுக்கமாக அடைத்துவிட்டீர்களா? பற்றவைக்கும் முன் சும்மா ஒரு இழுப்பு இழுங்கள். உறிஞ்சுகுழலில் தண்ணீர் குடிக்கும்போது உள்ள அளவுக்குத்தான் தடை தெரிய வேண்டும். கன்னம் குழிந்தால் கொட்டிவிட்டு மறுபடி அடைப்பதுதான் வழி, மேலே கிளறினால் சரியாகாது. மூன்று தடவையாக நிரப்புங்கள். முதல் தடவை தூவிவிட்டு அழுத்தாமல் விடுங்கள், இரண்டாவதை லேசாக அழுத்துங்கள், மூன்றாவதைக் கொஞ்சம் உறுதியாக.

பற்றவைத்த விதம்? முதல் தீ மேற்பரப்பைக் கருக்குவதற்கு மட்டும்தான். சூடு பட்டதும் இலை எழும்பி நிற்கும். அதைத் தட்டையாக அமுக்கிவிட்டு இரண்டாம் தடவை வட்டமாகத் தீயைச் சுற்றிக் காட்டுங்கள். இந்த இரண்டாவது தீயை விட்டுவிடுகிறவர்கள்தான் ‘ஒரு பக்கம் மட்டும் எரிகிறது’ என்பார்கள்.

துளை அடைத்திருக்கிறதா? பைப் ஆறிய பிறகு பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) ஸ்டெம் (வாயில் வைக்கும் குழல்) வழியாக விடுங்கள். தடையில்லாமல் கிண்ணத்தின் அடிவரை போக வேண்டும்.

துளை உயரத்தில் இருக்கிறதா? காலிக் கிண்ணத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். காற்றுத் துளை தரையோடு சேராமல் சில மில்லிமீட்டர் மேலே இருந்தால், அதற்குக் கீழே உள்ள புகையிலை ஒருநாளும் எரியாது, நனைந்து கிடக்கும். சுருட்டுச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்து அடியில் பூசி, இரண்டு நாள் காயவிட்டுத் தரையை உயர்த்தலாம். அதற்கும் மேலே இருந்தால் பைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். நீங்களே துளை போட வேண்டாம்.

சொந்தமாக வளர்த்த இலை மட்டும்தான் அணைகிறது, கடைப் புகையிலை நன்றாக எரிகிறது என்றால் காரணம் பைப்பில் இல்லை. கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## இழுக்கும்போது களகளவென்று தண்ணீர்ச் சத்தம்

பைப்பின் கழுத்துக்குள், அதாவது கிண்ணத்திலிருந்து ஸ்டெம்வரை போகும் மரப் பகுதிக்குள், நீர் சேர்ந்திருக்கிறது. உடனடி வைத்தியம் சுலபம். ஸ்டெம்மைக் கழற்றாமல், ஒரு பைப் கிளீனரை வாய்ப் பக்கமிருந்து கிண்ணம்வரை விட்டு, ஐந்து விநாடி வைத்து எடுங்கள். நீரை அது குடித்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போது ஸ்டெம்மைக் கழற்றாதீர்கள். விரிந்திருக்கும் மரம் அந்த நேரத்தில்தான் பிளக்கும்.

அப்புறம் காரணத்தைப் பாருங்கள். ஈரப் புகையிலையா, வேகமாக இழுக்கிறீர்களா, எச்சில் இறங்குகிறதா, இந்த வரிசையில். வளைந்த பைப்பில் சத்தம் கூடுதலாக வரும், ஏனென்றால் ஆவி குளிர்ந்து அந்த வளைவில்தான் தங்கும். அதை முழுதாக நிறுத்த முடியாது, கிளீனரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காய்ந்த புகையிலை, நிதானமான இழுப்பு, அப்படியும் ஒரே பைப்பில் மட்டும் சத்தம் தொடர்கிறதா? ஸ்டெம்மின் முனைக்கும் கழுத்தின் குழிக்கும் நடுவே இடைவெளி இருக்கும், நீர் அந்தப் பள்ளத்தில் தேங்கும். அது தயாரிப்பில் வந்த குறை. முனையை நீட்டித் தருவது பழுதுபார்ப்பவரின் வேலை. விலை குறைந்த பைப் என்றால் அந்தச் செலவு தேவையில்லை.

## நாக்கு எரிகிறது

புதியவர்களில் பலர் பைப்பை விட்டுவிடுவதே இதனால்தான். காரம் தின்றதுபோல நுனி நாக்கில் எரிச்சல், மறுநாள் எதுவும் ருசிக்காது.

வேகமா? கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாத சூடு என்றால் இழுப்பு அதிகம். கீழே வைத்துவிடுங்கள், அணையட்டும், ஆறிய பிறகு மறுபடி பற்றவைக்கலாம். அணைவதில் தவறே இல்லை. அணையாமல் காப்பாற்றுவதற்காக ஊதி ஊதி இழுப்பதுதான் நாக்கைச் சுடுகிறது. மூச்சு விடும் வேகத்தில், அதைவிட மென்மையாக இழுத்துப் பழகுங்கள்.

நீராவியா? நாக்கைச் சுடுவது பாதி நேரம் புகை இல்லை, ஆவிதான். மேலே சொன்ன விரல் சோதனையைச் செய்யுங்கள்.

புகையிலை வகையா? சர்க்கரை அதிகமுள்ள வர்ஜீனியா சூடாக எரியும். காற்றில் உலர்த்தும் பர்லியின் புகை அமிலத்துக்கு நேரெதிரான காரத்தன்மை கொண்டது. இரண்டும் இரண்டு விதமாகக் கடிக்கும். ஒரு வாரம் ஒரே வகையைப் பிடித்துப் பார்த்து, பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரே நாளில் மூன்று கலவையைச் சோதித்தால் எது கடித்தது என்று தெரியாமலே போய்விடும்.

எரிச்சல் வந்தால் இரண்டு மூன்று நாள் பைப்பைத் தொடாதீர்கள், தானாக ஆறும். இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு தடிப்பு, கழுத்தில் கட்டி, விழுங்கும்போது வலி என்று எது இருந்தாலும் அதை நாக்கு எரிச்சல் கணக்கில் சேர்க்காதீர்கள். பல் மருத்துவரையோ காது மூக்குத் தொண்டை மருத்துவரையோ அந்த வாரமே பாருங்கள். பைப் பிடிப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

## தலை சுற்றல், விக்கல், குளிர்ந்த வியர்வை

நிகோடின் அளவுக்கு மீறிவிட்டது. பைப்பை வையுங்கள், உட்காருங்கள், காற்றாட இருங்கள், தண்ணீரும் கொஞ்சம் இனிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் சரியாகும். வாந்தி நிற்கவில்லை, மயக்கமாக வருகிறது, இதயம் தாறுமாறாக அடிக்கிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

வெறும் வயிறு, பெரிய கிண்ணம், புகையை நுரையீரலுக்குள் இழுத்தது, இவைதான் வழக்கமான காரணங்கள். சொந்த இலை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் வளர்த்தது நிகோட்டியானா ருஸ்டிகா இனமா? வழக்கமான டபாகம் இனத்தைவிட அதில் நிகோடின் பல மடங்கு இருக்கலாம். அதைத் தனியாகப் பிடிக்காதீர்கள். கலவையில் சேர்ப்பதானால் ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள்.

## கிண்ணத்தில் ஒரே இடம் மட்டும் கொதிக்கிறது

பைப் முழுக்கச் சூடானால் அது இழுப்பின் வேகம். ஒரு இடம் மட்டும் விரலைச் சுட்டால் அது வேறு விஷயம், உடனே நிறுத்துங்கள்.

ஆறிய பிறகு அந்த இடத்தில் வெளிப்புற மரம் கருத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே மழுங்கிய ஊசியால் மெல்லக் குத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உள்சுவரில் கரிப் படிவு அங்கே மட்டும் உதிர்ந்திருக்கும். சுருட்டுச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவைத்து, சில நாள் பாதிக் கிண்ணமாகப் பிடித்தால் மறுபடி படியும். ஊசி பொதபொதவென்று இறங்கினால் மரமே கரிந்துகொண்டிருக்கிறது. அந்தப் பைப்பைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள், இல்லையென்றால் அலமாரியில் வைத்துவிடுங்கள். ஓட்டை விழுந்த பிறகு எதுவும் செய்ய முடியாது.

அந்தக் கரிப் படிவு ஒரு நாணயத்தின் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. தடித்துப்போன படிவு சூட்டில் விரிந்து கிண்ணத்தையே பிளக்கும். மீர்ஷாம் (வெள்ளை மென்கல்) பைப்பில் படிவு சேரவே விடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் காகிதத்தால் துடைத்துவிடுங்கள்.

## கசக்கிறது, பழைய புகையிலையின் வாடை வருகிறது

ஓய்வு கொடுத்தீர்களா? ஒரு பைப்பைப் பிடித்த பிறகு குறைந்தது ஒரு நாள் காயவிட வேண்டும். தினமும் பிடிப்பவருக்கு இரண்டு பைப்பாவது வேண்டும் என்பது இதனால்தான். இரண்டாவதாக ஒரு மக்காச்சோளக் கட்டை பைப் போதும்.

கழுத்தைத் துடைத்தீர்களா? குடிக்கத் தகுந்த, வீரியமான எத்தில் ஆல்கஹாலில் நனைத்த கிளீனரைக் கழுத்துக்குள் விட்டுத் துடையுங்கள். பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை புதிதுபுதிதாக மாற்றுங்கள். பெயின்ட் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் கூடவே கூடாது, அதில் மெத்தனால் கலந்திருக்கும்.

அப்படியும் வாடை போகவில்லையா? கிண்ணத்தில் பஞ்சை நிரப்பி, அதே ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு நனைத்து, ஒரு இரவு வையுங்கள். காலையில் பஞ்சு தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருக்கும். எடுத்துவிட்டு இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். பஞ்சுக்குப் பதில் கல் உப்பு போடச் சொல்பவர்கள் உண்டு. நானும் ஒரு தடவை உப்பைத்தான் போட்டேன், கையில் வைத்தால் அப்படியே பொருந்தும் ஒரு பழைய பைப்புக்கு. உப்பு துளை வழியாகக் கழுத்துக்குள் இறங்கியிருந்தது, நான் கவனிக்கவில்லை. மறுநாள் பார்த்தால் கழுத்தின் விளிம்பிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு கீறல். நகத்தால் தடவினால் தட்டும். பத்து நாளில் அது விரல் நுனி நீளத்துக்கு ஓடிவிட்டது. வெள்ளி வளையம் போட்டுத்தான் அந்தப் பைப்பைக் காப்பாற்ற முடிந்தது. அதிலிருந்து பஞ்சு மட்டும்தான். மீர்ஷாமுக்கு இந்த வைத்தியமே கிடையாது.

## ஸ்டெம் வரவில்லை, ஆடுகிறது, பச்சை பிடித்திருக்கிறது

வரவில்லை என்றால் ஒரு நெகிழிப் பையில் சுற்றி அரை மணி நேரம் ஃபிரீசரில் வைத்து, ஒரே திசையில் திருகிக்கொண்டே இழுங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் முனை ஒடிந்து உள்ளே நின்றுவிடும். இரண்டு முயற்சியில் வராவிட்டால் பழுதுபார்ப்பவர்.

ஆடினால் முதலில் எதுவும் செய்யாதீர்கள். நாலைந்து தடவை பிடித்த பிறகு மரம் ஈரம் வாங்கி ஊதித் தானாக இறுகும். இறுகாவிட்டால் முனையில் தேன்மெழுகு கொஞ்சம் தேயுங்கள்.

கறுப்பு ஸ்டெம் பச்சையும் பழுப்புமாக மாறிக் கசந்தால் அது எபொனைட் ரப்பர், அதிலுள்ள கந்தகத்தை வெயில் வெளியே கொண்டுவந்திருக்கிறது. 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து மெழுகு போடுங்கள். இனிமேல் ஜன்னலோரம் வைக்காதீர்கள். அக்ரிலிக் ஸ்டெம்முக்கு இந்தத் தொல்லை கிடையாது.

## விதை முளைக்கவில்லை

புகையிலை விதை ஒரு கிராமில் 10,000-க்கும் மேல் இருக்கும், அவ்வளவு பொடி. மண்ணைப் போட்டு மூடினால் முளைக்காது. வெளிச்சம் பட வேண்டும். மேலாகத் தூவிவிட்டு, உள்ளங்கையால் லேசாக ஒற்றி, கீழிருந்து தண்ணீர் ஏறும்படி தட்டில் வையுங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா விதையும் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

20 முதல் 28 டிகிரி செல்சியஸில் 7 முதல் 14 நாளில் பச்சைப் புள்ளிகள் தெரியும். மூன்று வாரமாகியும் ஒன்றும் இல்லை என்றால் ஈரக் காகிதத்தில் 50 விதை வைத்துச் சோதியுங்கள். அதிலும் முளைக்காவிட்டால் விதை செத்துவிட்டது.

## நாற்று தரையோடு சரிகிறது

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல் மெலிந்து, நேற்று நின்றது இன்று படுத்துவிட்டதா? நாற்றழுகல். சரிந்ததைக் காப்பாற்ற வழியில்லை, சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எறிந்துவிடுங்கள். மூடியைத் திறந்து காற்று விடுங்கள், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர், நெருக்கமாக நிற்பதைக் கலைத்துவிடுங்கள். அடுத்த தடவை தோட்டத்து மண்ணை எடுக்காமல் புதுக் கலவையில் தூவுங்கள்.

## இலையில் நிறம் மாறுகிறது, சுருள்கிறது

முதலில் எந்த இலை என்று பாருங்கள்.

அடி இலை மட்டும் முழுசாக மஞ்சளா? பூக்கும் பருவமென்றால் அது பழுக்கிறது, சந்தோஷப்படுங்கள். இளஞ்செடியென்றால் தழைச்சத்து போதவில்லை.

அடி இலையில் நரம்பு பச்சை, இடையில் வெளிறல்? மக்னீசியக் குறைவு. எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) கரைசல் கொடுங்கள்.

இலைக்கடியில் பிசுபிசுப்பு? அசுவினி. சோப்புத் தண்ணீர் அடித்து, மறுநாள் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஓட்டை விழுந்தால் புழு. மாலையில் டார்ச்சோடு போய்க் கையால் பொறுக்குங்கள். எண்ணிக்கை அதிகமென்றால் புழுவைக் கொல்லும் பாக்டீரியாவான பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் தெளிப்பு. செடிக்குள் ஊடுருவும் பூச்சிக்கொல்லி எதையும் தொடாதீர்கள், அந்த இலையை நீங்கள் எரித்துப் புகையை வாயில் வாங்கப் போகிறீர்கள்.

நுனி இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகவா? தேமல் நோய். உலகிலேயே முதன்முதலில் வைரஸ் என்று அடையாளம் காணப்பட்டது இந்த நோயில்தான். 1892-இல் ரஷ்ய விஞ்ஞானி இவானோவ்ஸ்கியும் 1898-இல் டச்சு விஞ்ஞானி பெய்ஜெரிங்கும் புகையிலைச் சாற்றை வடிகட்டிப் பார்த்துக் கண்டது இது. மருந்து இன்றுவரை இல்லை. பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். காய்ந்த இலையிலும் இந்த வைரஸ் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும், அதனால் பைப் பிடித்த கையாலேயே நோய் செடிக்குப் போகலாம். செடியைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் இதே குடும்பம், அவற்றுக்கும் தொற்றும்.

இலை சுருண்டு, அடியில் நரம்பு தடித்திருக்கிறதா? வெள்ளை ஈ பரப்பும் சுருள் நோய். இதற்கும் பிடுங்குவதுதான் வழி.

பகலில் வாடி, இரவில் நிமிர்கிறதா? ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அடுத்த ஆண்டு இடத்தை மாற்றுங்கள். செடியின் பக்கத்தில் இலையே இல்லாத தண்டு பூவோடு முளைத்திருந்தால் அது புகையிலைக் காளான், வேரை உறிஞ்சும் ஒட்டுண்ணி. விதை விடும் முன் பிடுங்கிவிடுங்கள்.

இவை எதிலும் அடங்காமல், வாரத்தில் மூன்று நாலு செடி போகிறது என்றால் ஒரு செடியை வேரோடு பையில் போட்டு வேளாண் அலுவலரிடமோ பயிர் மருத்துவமனையிலோ காட்டுங்கள். போட்டோவை மட்டும் வைத்துச் சொல்வது கடினம்.

## இலை பழுக்கவே மாட்டேன் என்கிறது

பூவைக் கிள்ளினீர்களா? பூங்கொத்து வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும், அப்புறம் இலையின் கக்கத்தில் வரும் பக்கக் கொழுந்துகளை வாரம் ஒரு தடவை ஒடிக்க வேண்டும். அப்போதுதான் சத்து இலைக்குத் திரும்பும்.

கிள்ளியும் பழுக்கவில்லை என்றால் கடைசியாக எப்போது உரம் போட்டீர்கள் என்று யோசியுங்கள். பூக்கும் நேரத்தில் தழைச்சத்து போட்ட செடி கரும்பச்சையாகவே நிற்கும். வேறு வழியில்லை, காத்திருக்க வேண்டும். பழுத்த இலை தோல்போலத் தடித்து, மேடுபள்ளமாக, மஞ்சள் திட்டோடு இருக்கும். மடித்தால் படக்கென்று முறியும். கீழிருந்து மேலாக, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று இலை மட்டும் பறியுங்கள்.

## பறித்த அன்று இரவு குமட்டல், வாந்தி

இலையில் உள்ள நிகோடின் பனி நீரிலும் மழை நீரிலும் கரைந்து தோல் வழியாக ஏறும். பைப்பே பிடிக்காதவருக்கும் வரும். பனி காய்ந்த பிறகு, கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுப் பறியுங்கள். துணி நனைந்தால் உடனே மாற்றிக் குளியுங்கள். வாந்தி தொடர்ந்தால் மருத்துவரிடம் போய் ‘ஈரப் புகையிலை இலையைத் தொட்டேன்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உணவு விஷம் என்று நினைத்துவிடுவார்கள். குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் இந்த இலைப் பக்கமே விடாதீர்கள்.

## இலை பச்சையாகவே காய்ந்துவிட்டது

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது. பாடம் செய்வது என்றால் காயவைப்பது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் பறித்த இலை இன்னும் சில நாள் உயிரோடு இருக்க வேண்டும். அந்த நாட்களில்தான் அது தன் பச்சையத்தை உடைத்து மஞ்சளாகிறது, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. அதற்குள் ஈரம் போய்விட்டால் இலை செத்துப் பச்சை அப்படியே நின்றுவிடும். அந்த இலையைப் பிடித்தால் புல்லைக் கொளுத்தியதுபோல் இருக்கும், தொண்டை கமறும்.

முதல் ஆண்டு நானும் மின்விசிறி ஓடும் அறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் இலைகள் சரசரவென்று, பச்சைக் காகிதம் மாதிரி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்றுகூட உதவவில்லை.

முதல் சோதனை: இன்னும் துவளுகிறதா? துவண்டால் காப்பாற்றலாம். உடனே இறக்கி, பத்துப் பதினைந்து இலையை அடுக்கி, பருத்தித் துண்டால் சுற்றி நிழலில் வையுங்கள். தினமும் பிரித்து, நடுவில் இருப்பதை வெளியேயும் வெளியில் இருப்பதை உள்ளேயும் மாற்றுங்கள். உள்ளே கையை வைத்தால் சூடு தெரிந்தால் கொஞ்ச நேரம் விரித்துப்போடுங்கள். மூன்று முதல் ஏழு நாளில் விளிம்பிலிருந்து மஞ்சள் ஏறிவரும். முக்கால்வாசி மஞ்சளானதும் மறுபடி தொங்கவிடுங்கள்.

இரண்டாவது: ஈரப்பதமானி வாங்குங்கள். ஈரப்பதம் 65 முதல் 75 சதவீதத்துக்குள் நின்றால் நாலு முதல் எட்டு வாரத்தில் மஞ்சள் பழுப்பாகி, கடைசியில் நடுநரம்பும் காயும். குறைந்தால் அறையில் ஈரத்துணி, வாளித் தண்ணீர். விசிறியை இலைக்கு நேராகத் திருப்பாதீர்கள்.

மூன்றாவது: பழுக்காத இலையைப் பறித்தீர்களா? அப்படியென்றால் அறையை எப்படி வைத்தாலும் பச்சைதான் மிஞ்சும்.

மொறுமொறுவென்று பச்சையாகக் காய்ந்ததைத் தண்ணீர் தெளித்து மீட்கப் பார்க்காதீர்கள், அது மஞ்சளாகாது.

## பூசணம் பிடித்திருக்கிறது

பூசணம்தானா என்று முதலில் பாருங்கள். பழைய புகையிலையில் வெள்ளையாக மினுமினுக்கும் படிகம் வருவதுண்டு, அது கெடுதல் இல்லை. டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். மின்னினால் படிகம். மின்னாமல் பஞ்சுபோல நார் எழும்பி, மக்கிய வாடை வந்தால் பூசணம்.

பூசணம் என்றால் அந்த இலையைத் தூக்கி எறியுங்கள். துடைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டாம். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டியிருக்கும், அல்லது இலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பெரும்பாலும் தொடங்குவது நடுநரம்பில், அதுதான் கடைசியாகக் காயும். நரம்பை ஒடித்துப் பாருங்கள், ‘டக்’ என்று ஒடிந்தால்தான் டப்பாவில் போடலாம். வளைந்தால் இன்னும் காயவில்லை.

## தொட்டால் நொறுங்குகிறது

காய்ந்த இலையை அப்படியே தொடக் கூடாது. தண்ணீரைப் பனிபோல் தெளித்து, பையில் கட்டி ஒரு இரவு வையுங்கள். தோல்போல் துவளும்போது நரம்பை உருவி, சுருட்டி வெட்டுங்கள்.

## அமோனியா நெடி, தொண்டையில் காறல்

பழுப்பாகிவிட்டது என்பதால் இலை தயாராகிவிட்டது என்று அர்த்தமில்லை. புதிதாகக் காய்ந்த இலை காறத்தான் செய்யும். மிகச் சுலபமான மருந்து, செலவே இல்லாதது, காலம். துவளும் பதத்தில் கட்டி, ஒரு ஆண்டு மூடிவையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து காற்று விடுங்கள். பொறுமை உள்ளவர்களின் இலைதான் எப்போதும் நன்றாக இருக்கிறது.

பொறுக்க முடியாதவர்கள் வெப்பப் பெட்டி செய்கிறார்கள். தெர்மோகோல் பெட்டி, உள்ளே தண்ணீரோடு ஒரு மெதுசமையல் பாத்திரம் (ஸ்லோ குக்கர்), வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. 50 டிகிரியை ஒட்டி, ஈரப்பதம் 70 சதவீதத்தில், நாலு முதல் ஆறு வாரம். முதல் வாரம் மூக்கைத் துளைக்கும் அமோனியா வரும், அது வெளியேறட்டும். நெடி போய் உலர்பழ வாசனை வந்தால் எடுத்துவிடலாம். வெப்பம் 65-க்கு மேல் போனால் வேலை செய்யும் நொதிகள் செத்துவிடும், அப்புறம் எத்தனை வாரம் வைத்தாலும் மாற்றம் இருக்காது. ஈரமும் மின்சாரமும் ஒரே பெட்டியில் இருப்பதால் ஒயரிங் வேலையை ஒரு எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வாரக்கணக்கில் ஆள் இல்லாமல் ஓடப்போகும் பெட்டி அது.

## சொந்த இலை மட்டும் எரிய மறுக்கிறது

வெட்டும் முன் ஒரு விரல் அகலத்துக்கு இலையைக் கிழித்து, விளிம்பில் கங்கு பிடிக்கவைத்து ஊதாமல் பாருங்கள். நல்ல இலையில் கங்கு தானாக ஊர்ந்துபோகும், பின்னால் வெளிர்சாம்பல் நிற்கும். கறுத்த சாம்பலோடு ஒரு அங்குலத்துக்குள் அணைந்தால் கோளாறு இலையில்தான்.

ஈரமா என்று முதலில் பாருங்கள், காயவைத்து மறுபடி கொளுத்துங்கள். அப்புறம் பழுக்காத இலையா என்று பாருங்கள், மேல் இலைக்கும் அடி இலைக்கும் தனித்தனியாக இந்தச் சோதனையைச் செய்தால் தெரிந்துவிடும். எல்லா இலையும் ஒரே மாதிரி அணைந்தால் குளோரைடு. சாம்பல்சத்துக்காக மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் (பொட்டாசியம் குளோரைடு) போட்டிருப்பீர்கள், அல்லது உப்புத் தண்ணீர் பாய்ச்சியிருப்பீர்கள். செடி அந்த உப்பை இலையில் சேர்த்துவைக்கும், பாடம் செய்வதால் அது போகாது.

இந்த ஆண்டு இலையை, நன்றாக எரியும் புகையிலையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்து தீர்த்துவிடுங்கள். அடுத்த ஆண்டு சல்பேட் ஆஃப் பொட்டாஷுக்கு மாறுங்கள், தொட்டியில் வளர்ப்பவர்கள் மண்ணையும் மாற்றுங்கள். தரையில் வளர்ப்பவர்கள் நடவுக்கு முன் மண்ணையும் பாசனத் தண்ணீரையும் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, குளோரைடு அளவைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். தண்ணீரிலேயே உப்பு என்று முடிவு வந்தால், மழைநீர் சேமித்துத் தொட்டியில் வளர்ப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. செடிக்கு 20 லிட்டர் தொட்டி போதும்.